ஊசி பிடித்த கை
தொலைக்காட்சி உடைகளின் கதை – 14

போன வாரம் ‘டாக்டர் ஹூ’வின் மஃப்ளரோடு நிறுத்தியிருந்தோம். 1974இல் நான்காவது டாக்டராக டாம் பேக்கர் வந்தபோது, உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஆச்சிசன் பல நிறக் கம்பளி நூலைப் பெகோனியா போப் என்ற பின்னல்காரரிடம் கொடுத்து ஒரு மஃப்ளர் பின்னச் சொன்னார். அவரோ கொடுத்த நூல் அத்தனையையும் பின்னித் தீர்த்துவிட்டார். தரையில் புரளும் நீளத்தில் வந்த அந்த மஃப்ளரை அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1981 வரை ஏழாண்டுக் காலம் டாக்டர் என்றால் அந்த மஃப்ளர்தான். இடையில் நிறம் மாறியது, ஆள் மாறவில்லை. அதற்கு முன்பு பார்த்த ‘ஸ்டார் டிரெக்’கிலும் இதே நிலைதான். 1966இல் வில்லியம் வேர் தீஸ் வடிவமைத்த சட்டைகளில் நிறத்தைப் பார்த்தே கப்பலில் யாருக்கு என்ன வேலை என்று சொல்லிவிடலாம். கேப்டன் கிர்க்கின் பொன்னிறச் சட்டை உண்மையில் பச்சைத் துணி, விளக்கும் ஃபிலிமும் சேர்ந்து அதைப் பொன்னாக்கின என்பதையும் அந்த அத்தியாயத்தில் பார்த்தோம்.

அன்றைய தொலைக்காட்சிக்கு அப்படிப்பட்ட உடைதான் வேண்டியிருந்தது. ஒரு வாரக் கதை அந்த வாரத்தோடு முடிந்துவிடும். போன வாரம் பார்க்காதவரும் இந்த வாரம் உட்கார்ந்த உடனே யார் யாரென்று கண்டுகொள்ள வேண்டும். திரையோ சின்னது, படமோ மங்கல். அதில் பூவேலை செய்தால் யாருக்குத் தெரியும்? பெரிய உருவம், அடர்ந்த நிறம், மறக்க முடியாத ஒரு பொருள், இவ்வளவு போதும். 1995இல் நியூஸிலாந்தில் எடுக்கப்பட்ட ‘ஸீனா’ வரை இதுவே வழக்கம். ஸீனாவின் தோல் உடையையும் மார்புக் கவசத்தையும் உருவாக்கிய நைலா டிக்சன், பின்னாளில் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களுக்கு உடை வடிவமைத்து ஆஸ்கர் வாங்கினார். அந்த மூன்று படங்களும் 2001 முதல் 2003 வரை வெளிவந்த பிறகு, கற்பனை உலகக் கதை என்றால் துணியின் நெசவுகூட நம்பும்படி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ரசிகர்களிடம் வந்துவிட்டது.

2011 ஏப்ரல் 17 அன்று எச்.பி.ஓ.வில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடங்கியது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல்களை வைத்து எடுத்த தொடர். 2019 மே 19 வரை எட்டு சீசன், 73 அத்தியாயம். இதில் ஒரு வாரக் கதை அந்த வாரத்தோடு முடிவதில்லை. முதல் அத்தியாயத்தில் பூத்தையல் போட்டுக்கொண்டிருக்கும் சிறுமி, கடைசி அத்தியாயத்தில் அரசியாக முடிசூடுகிறாள். நடுவில் எட்டாண்டு. இப்படிப்பட்ட கதையில் மஃப்ளர் உதவாது. ஆள் மாறிக்கொண்டே இருக்கிறாள், உடையும் கூடவே மாற வேண்டும். போன சீசனில் பட்ட காயம் இந்த சீசனின் கழுத்துப்பட்டியில் தெரிய வேண்டும். அதுவரை அடையாளச் சின்னமாக இருந்த தொலைக்காட்சி உடை இந்தத் தொடரில்தான் வாழ்க்கை வரலாறு ஆனது என்பது என் துணிபு. அதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம். எல்லோரையும் தொட்டுச் செல்லாமல் ஒருத்தியோடு அதிக நேரம் இருக்கப் போகிறேன்.

அதற்கு முன் தையற்கூடம்.

உடை வடிவமைப்பாளர் மிஷேல் கிளாப்டன். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தைக் காட்டிய ‘த டெவில்ஸ் ஹோர்’ என்ற தொடருக்கு 2009இல் பாஃப்டா விருது வாங்கியவர். வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் அவருடைய கூடம் இயங்கியது. துணி வெட்டுகிறவர், சாயம் போடுகிறவர், தோல் வேலைக்காரர், கவசம் செய்கிறவர், பூவேலைக்காரர் எல்லோரும் ஒரே அணியாக வேலை செய்தார்கள். வெஸ்டரோஸ் என்ற நாடு எந்த வரைபடத்திலும் இல்லை. எந்தக் காலத்து உடையை எடுத்துப் போடுவது? கிளாப்டன் காலத்திலிருந்து தொடங்கவில்லை, நிலத்திலிருந்து தொடங்கினார். இந்த ஊரில் குளிரா வெயிலா? இங்கே என்ன துணி கிடைக்கும்? துறைமுகம் இருக்கிறதா, தூர நாட்டுச் சரக்கு வந்து இறங்குமா? பூவேலை செய்ய ஓய்வு யாருக்கு இருக்கிறது? விடைகள் உடையாயின. வடக்கே விண்டர்ஃபெல்லில் கம்பளி, தோல், மிருக ரோமம், சாம்பலும் மங்கிய நீலமும். தெற்கே தலைநகரான கிங்ஸ் லேண்டிங்கில் வெயில், துறைமுகம், பணம். ஆகவே பட்டு.

நைட்ஸ் வாட்ச் என்ற காவற்படையின் கறுப்பு உடையில் இந்த யோசனை மிக அழகாக வேலை செய்திருக்கிறது. நாட்டின் வடகோடிப் பனிச்சுவரைக் காக்கும் படை அது. திருடன், கொலைகாரன், பிரபு வீட்டுப் பிள்ளை என்று பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்கிறார்கள். இவர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? அவரவர் போட்டு வந்த உடையையே சாயத்தொட்டியில் முக்கிக் கறுப்பாக்கியிருப்பார்கள் என்று கிளாப்டன் முடிவுசெய்தார். அதனால் எல்லோரும் கறுப்பு, ஆனால் ஒருவர் சட்டை வெட்டு மற்றவருடையதைப் போல இராது. உறுதிமொழி எடுத்து ஊரையும் உறவையும் துறந்தவன் உடம்பில் அவனுடைய ஊர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வசனத்தில் இதைச் சொல்ல அரைப் பக்கம் வேண்டும்.

அந்தப் படையின் தடித்த மேலங்கிகள் ஐகியா கடையில் வாங்கிய தரைவிரிப்புகள் என்பது உலகப் புகழ்பெற்ற செய்தி. 2016இல் லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் பேசும்போது கிளாப்டனே இதைச் சொன்னார். விரிப்பை வெட்டி, ரோமத்தை மழித்து, கனத்த தோல்வார் பொருத்தி, மெழுகு பூசி, உறைபனி ஒட்டினாற்போல் ஆக்கியிருக்கிறார்கள். மறு ஆண்டு ஐகியா நிறுவனமும் அதைச் செய்யும் முறையைப் படம் போட்டு வெளியிட்டது. உலகம் இதை வேடிக்கைச் செய்தியாகப் படித்தது. எனக்கு அந்தச் செய்தியில் பெரிதாகத் தெரிவது மழித்தலும் மெழுகும்தான். புத்தம் புதிய துணியைப் பல ஆண்டு உழைத்த துணியாக மாற்றுவது இந்தத் தொழிலில் தனிப் பிரிவு. உப்புத்தாளால் தேய்ப்பார்கள், கம்பித் தூரிகையால் இழை பிரிப்பார்கள், சாயத்தை வெளுக்கவிட்டு மறுபடி அழுக்கேற்றுவார்கள். முழங்கை தேய்வதும் விளிம்பு கருப்பதும் அந்த ஆள் எப்படி நடந்தான், எதில் சாய்ந்தான் என்பதைப் பொறுத்தவை. தேய்மானத்திலும் குணம் உண்டு.

இனி சான்ஸா ஸ்டார்க்.

விண்டர்ஃபெல் பிரபுவின் மூத்த மகள். அந்தப் பாத்திரத்தில் நடித்த சோஃபி டர்னர் 1996இல் பிறந்தவர். முதல் சீசன் படமாக்கப்பட்ட 2010இல் அவருக்கு வயது பதினான்கு. முதல் அத்தியாயத்திலேயே சான்ஸாவின் தையல் நேர்த்தியாக இருக்கிறது என்று பாராட்டு விழுகிறது. தங்கை ஆர்யாவுக்கு ஊசி பிடிக்காது, வில்தான் பிடிக்கும். அன்றிரவு விருந்தில் அரசி செர்சி இந்தப் பெண்ணை அருகே அழைத்து, போட்டிருக்கும் உடை நீயே தைத்ததா என்று கேட்கிறாள். ஆமாம் என்று தலையசைத்ததும், எனக்கும் ஒன்று தைத்துத் தா என்கிறாள். ஒரு நிமிடக் காட்சி. முதல்முறை பார்க்கும்போது மரியாதைப் பேச்சாகத்தான் படும். முழுத் தொடரையும் பார்த்து முடித்துவிட்டுத் திரும்பி வந்தால், சான்ஸாவின் எட்டாண்டும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருப்பது தெரியும். உன் உடை யார் தைத்தது? உடையைத் தானே தைத்துக்கொள்ளும்போது சான்ஸா தன் வசம் இருக்கிறாள். பிறர் தைத்ததைப் போட்டுக்கொள்ளும்போது பிறர் கையில் இருக்கிறாள்.

தலைநகர் போனதும் அவள் செய்யும் முதல் வேலை அரசியைப் பார்த்து அதேபோல் ஆவது. வடக்கத்திக் கம்பளியும் சாதாரணச் சடையும் போய்விடுகின்றன. முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று மடித்துக் கட்டும் தெற்கத்திப் பட்டுடையும், செர்சி பாணியில் தூக்கிச் சுற்றிய கூந்தலும் வருகின்றன. ஊரிலிருந்து நகரத்துக்குப் படிக்க வந்த பெண் விடுதியில் மூத்தவளின் நடை உடையைப் பார்த்துப் பழகிக்கொள்வாளே, அதே ஆசை, அதே வெகுளித்தனம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. அவள் பார்த்துப் பழகிய ஆள்தான் தவறு. சில மாதங்களில் தகப்பன் தலை அவள் கண்ணெதிரே போகிறது. அதற்குப் பிறகும் அவள் அதே உடையில், அதே கொண்டையில் அரசவையில் நிற்க வேண்டியிருக்கிறது. ஆசையாகப் போட்டுக்கொண்டது சிறைச்சாலை உடையாகிவிட்டது. துணி மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. ஒரு வடிவமைப்பாளர் உடையை மாற்றாமலே இவ்வளவு சொல்ல முடியும் என்பதைக் கற்றுக்கொள்ள இந்த இடத்தைவிட நல்ல பாடம் கிடையாது.

இரண்டாம் சீசனுக்குள் செர்சியின் மகன் ஜாஃப்ரி அரசனாகிவிட்டான். வடக்கே அவளுடைய அண்ணன் போரில் வென்ற கோபத்தை இவள் மேல் தீர்க்கிறான். சபை நடுவே அடிக்கச் சொல்கிறான், உடையைக் கிழிக்கச் சொல்கிறான். அரசனின் தாய்மாமன் டிரியன் உள்ளே வந்து தடுத்து, அந்தப் பெண்ணுக்குப் போர்த்த ஏதாவது கொடுங்கள் என்கிறான். மெய்க்காவலன் சாண்டர் தன் வெள்ளை மேலங்கியைக் கழற்றித் தருகிறான். இந்தத் தொடரில் மேலங்கி என்பது சும்மா இல்லை. வெஸ்டரோஸ் கல்யாணத்தில் தாலி கிடையாது. மணமகள் தோளில் இருக்கும் பிறந்த வீட்டு மேலங்கியை எடுத்துவிட்டு மணமகன் தன் வீட்டு மேலங்கியைப் போர்த்துவதுதான் சடங்கு. இனி நீ எங்கள் காவலில் என்று அதற்குப் பொருள். காவல் என்று அவள் பெற்ற முதல் துணியைத் தந்தவன், கல்யாணத்துக்கும் பிரபு வம்சத்துக்கும் சம்பந்தமில்லாத, முகம் பாதி தீய்ந்த ஒரு போர்வீரன்.

சடங்குக் கல்யாணம் மூன்றாம் சீசனின் எட்டாம் அத்தியாயத்தில் வருகிறது. 2013இல் ஒளிபரப்பானது. மணமகன் டிரியன், குள்ளமான உருவம். அவன் ஏறி நின்று மேலங்கி போர்த்த வைத்திருந்த முக்காலியை ஜாஃப்ரி வேண்டுமென்றே எடுத்துப் போய்விடுகிறான். சபை சிரிக்கிறது. சான்ஸா முழந்தாளிட்டுக் குனிந்து அவனுக்கு வசதி செய்து தருகிறாள். எல்லோரும் முக்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அவளுடைய பொன்னிறக் கல்யாண உடையை.

அதில் ஒரு பூவேலைப் பட்டை உடம்பைச் சுற்றி வருகிறது. கிளாப்டன் யோசித்து, பூவேலைக்காரர் மிஷேல் கேரகர் கையால் தைத்தது. சான்ஸாவின் வாழ்க்கையே அதில் வரிசையாக இருக்கிறது. தொடக்கத்தில் தாய்வீட்டு டல்லி குலத்தின் மீனும் தகப்பன் வீட்டு ஸ்டார்க் குலத்தின் ஓநாயும் பின்னிக் கிடக்கின்றன. பட்டை சுற்றிச் செல்லச் செல்ல லானிஸ்டர் குலத்தின் சிங்கம் உள்ளே வருகிறது. முதலில் ஓநாயோடு மல்லுக்கட்டுகிறது, பிறகு மேலே ஏறுகிறது. இடையே பழுத்து வெடித்த மாதுளைகள், லானிஸ்டர் சிவப்பில். முடிவில் பிடரிக்குக் கீழே சிங்கம் மட்டும், முத்திரை குத்தினாற்போல். போட்டுக்கொண்டிருப்பவளால் அந்த இடத்தைப் பார்க்க முடியாது. பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் பார்க்கலாம்.

இந்தப் பட்டை ஒழுங்காகத் திரையில் தெரிவது சில நொடிதான். கேரகர் லண்டன் காலேஜ் ஆஃப் ஃபேஷனில் படித்தவர், பழந்துணிகளைப் பாதுகாக்கும் பணியில் இருந்தவர். பழைய துணியின் ஒவ்வொரு இழையையும் பிரித்துப் பார்த்துப் பழகிய கை. மெல்லிய துணியில் பூவேலையைத் தனியே செய்து, ஓரம் வெட்டி, பிறகு உடையில் பொருத்துவது அவர் பின்பற்றும் முறைகளில் ஒன்று. ஒருவருக்கும் தெரியாமல் போகக்கூடிய சிங்கத்துக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்? நடிக்கிற பெண்ணுக்குத் தெரியும் என்பது ஒரு பதில். இன்னொரு பதிலும் உண்டு. கதைப்படி இந்த உடையை லானிஸ்டர் வீட்டார்தான் தயார்செய்திருக்க வேண்டும். அவ்வளவு நேர்த்தியாக ஊசி பிடிக்கத் தெரிந்த பெண், தன் கல்யாணத்துக்கு எதிரி வீட்டுத் தையலைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அந்த வீட்டார் தங்கள் வெற்றியை அவள் முதுகில் எழுதியிருக்கிறார்கள். இது அலங்காரமாக வைக்கப்பட்ட பூவேலை இல்லை, கதாபாத்திரங்கள் ஒருவருக்கொருவர் செய்யும் கொடுமை.

அவள் முதுகில் அப்படி எழுதுகிறவர் யார் என்பதையும் பார்த்துவிடுவோம். லானிஸ்டர் வீட்டுப் பெண்ணான செர்சி முதல் சீசனில் மென்பட்டில் பறவைப் பூவேலையோடு வருகிறாள். கணவனான அரசன் செத்து மகன் அரியணை ஏறியதும் பறவை போய்ச் சிங்கம் வருகிறது. சிவப்பு அடர்கிறது, உலோகம் ஏறுகிறது. இரண்டாம் சீசனில் தலைநகர் முற்றுகையிடப்பட்டபோது பட்டுடைக்கு மேல் உலோக மார்க்கச்சை அணிந்து பெண்களோடு அடைபட்டு உட்கார்ந்து மது குடிக்கிறாள். வெளியே ஆண்கள் சண்டை போடுகிறார்கள். பெண்ணாகப் பிறந்ததால் வாள் மறுக்கப்பட்ட ஆத்திரம் அந்தப் பயன்படாத கவசத்தில் தெரிகிறது.

அவளுக்குப் போட்டியாக வரும் மார்ஜெரி டைரல், வெதுவெதுப்பான தெற்கு ஊர்க்காரி. முதுகு திறந்த, கையில்லாத, இளநீலமும் இளம்பச்சையும் கலந்த மெல்லிய உடை. இவள் தலைநகர் வந்தபின் கிளாப்டன் ஒரு நுட்பம் செய்தார். அரசவையில் பின்னணியில் நிற்கும் பெண்களின் உடையைக் கொஞ்சம் கொஞ்சமாக மார்ஜெரி பாணிக்கு மாற்றிக்கொண்டே வந்தார். செர்சியைப் போல் உடுத்தியவர்கள் குறைகிறார்கள். எந்த அமைச்சரும் சொல்லும் முன்பே ஊரின் துணி சொல்லிவிடுகிறது, செல்வாக்கு யார் பக்கம் போகிறதென்று. மார்ஜெரியின் கல்யாண உடையில் அவள் குலச் சின்னமான ரோஜா கொடியாகப் படர்ந்திருக்கிறது. பூவைவிட முள்தான் அதிகம். அந்தக் கல்யாண விருந்திலேயே மாப்பிள்ளை ஜாஃப்ரி விஷத்தால் சாகிறான்.

அந்தக் குழப்பத்தில் தலைநகரைவிட்டு ஓடும் சான்ஸா, பிட்டர் பேலிஷ் என்ற சூழ்ச்சிக்காரனின் பாதுகாப்பில் மலைக்கோட்டை ஒன்றில் ஒளிந்திருக்கிறாள். நான்காம் சீசனின் எட்டாம் அத்தியாயத்தில் படிக்கட்டில் இறங்கி வரும்போது வேறு ஆள். கூந்தலுக்குக் கறுப்புச் சாயம், தோளிலும் கழுத்திலும் கறுத்த இறகுகள், கழுத்தில் நீண்ட சங்கிலி, அதில் ஒரு வளையத்துக்குள் நுழைந்த பெரிய ஊசி. இந்த உடையை சான்ஸா தானே தைத்துக்கொண்டாள் என்பது கிளாப்டன் வகுத்த கதை. ஊசி அவளுடைய தொழில். தங்கை ஆர்யாவின் வாளுக்கும் ஊசி என்றுதான் பெயர், அந்த நினைவும் அதில் உண்டு. தகப்பன் செத்த நாளிலிருந்து பிறர் கொடுத்ததையே உடுத்தியவள், முதல்முறையாகத் தன் கையால் தன்னைத் தைத்திருக்கிறாள். இறகு எதற்கு? பேலிஷின் சின்னம் பறவை. அவனைப் பார்த்தும் அவள் படித்துக்கொள்கிறாள். ஆனால் செர்சியைப் பார்த்துப் படித்தபோது இருந்த வெகுளித்தனம் இப்போது இல்லை.

பிறகு நடந்த இரண்டாம் கல்யாணத்தையும் அந்த வீட்டில் அவள் பட்டதையும் இங்கே விரிக்க விருப்பமில்லை. அந்தப் பகுதியைக் கதை கையாண்ட விதம் மீது எனக்குக் கடும் வருத்தம் உண்டு. தப்பி வந்து பனிச்சுவரில் அண்ணன் முறையான ஜான் ஸ்நோவிடம் சேர்ந்ததும் அவள் செய்கிற காரியத்தைச் சொல்கிறேன். ஊசியை எடுக்கிறாள். தனக்கு மார்பில் ஓநாய் தைத்த உடை. ஜானுக்கு, தகப்பன் போட்டிருந்ததைப் போன்ற ரோமக் கழுத்து வைத்த மேலங்கி, தோல்வாரில் ஓநாய் முத்திரையோடு. ஜான் முறைப்படி பிறந்த பிள்ளை அல்ல என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். ஓநாய்ச் சின்னம் அணிய உரிமையில்லாதவன் என்று ஒதுக்கப்பட்டு வளர்ந்தவன். சிறு வயதில் அவனை ஒதுக்கியவர்களில் சான்ஸாவும் ஒருத்தி. மன்னிப்பு, உறவு, போருக்கான அழைப்பு எல்லாவற்றையும் ஒரு மேலங்கியாகத் தைத்து அவன் கையில் கொடுக்கிறாள். முதல் அத்தியாயத்தில் அரசி கேட்டது கிடைக்கவில்லை. கிடைத்தது இவனுக்கு.

ஏழாம் சீசனில் அவள் உடை இறுகுகிறது. கனத்த துணி, உயர்ந்த கழுத்து, இழுத்துக் கட்டிய நாடா, அகலமான இடுப்புப்பட்டை. தன்னை யாரும் தொட முடியாதபடி உள்ளே வைத்துக் கட்டிக்கொண்டவளின் உடை என்று கிளாப்டன் விளக்கியிருக்கிறார். சபை நடுவே ஒரே இழுப்பில் கிழிந்த அந்த இரண்டாம் சீசன் பட்டுடையை நினைத்துப் பார்த்தால், இந்த நாடாக்கள் ஏன் என்று விளங்கும்.

டெனேரிஸ் டார்கேரியனைச் சொல்லாமல் முடித்தால் வாசகர்கள் விடமாட்டார்கள். அவளும் பிறர் கொடுத்த உடையில்தான் தொடங்குகிறாள். முதல் அத்தியாயத்தில் அண்ணன் கொண்டுவந்து தரும் மெல்லிய, உள்ளே தெரியும் உடை, அவளைக் குதிரைவீரர் தலைவனுக்கு விற்பதற்கான பொட்டலம். அந்தக் குதிரைவீரர்களான டோத்ராக்கிகளோடு சேர்ந்தபின் தோல் உடைக்கும் காற்சட்டைக்கும் மாறுகிறாள். பிறகு நகரங்களை வென்று நீண்ட உடை அணியும்போதும் உள்ளே காற்சட்டையும் பூட்ஸும் இருக்கின்றன. எந்த நிமிடமும் குதிரை ஏறி ஓட வேண்டிவரலாம் என்று பழகிய உடம்பு அவளுடையது. மூன்றாம் சீசனின் நீல உடையில் கேரகர் செய்த வேலை அற்புதம். சுருக்குத் தையலும் பூவேலையும் சேர்த்து டிராகன் செதில்போல ஒரு பரப்பை உண்டாக்கி, அத்தியாயத்துக்கு அத்தியாயம் அதை வளர்த்துக்கொண்டே போனார். அவள் வளர்க்கும் டிராகன் குட்டிகள் பெரிதாகின்றன, அவள் உடம்பிலும் செதில் ஏறுகிறது. மீரீன் நகரில் ஆட்சிக்கு வந்ததும் வெள்ளை. மக்களிடமிருந்து விலகி, தன்னைச் சாவில்லாதவளாக எண்ணத் தொடங்கியவளின் வெள்ளை அது. ஏழாம் சீசனில் முன்னோர் மண்ணில் கால் வைக்கும்போது கருமை படர்ந்த இறுக்கமான கோட்டும், குறுக்கே மூன்று தலை டிராகன் கோத்த வெள்ளிச் சங்கிலியும். கடைசி அத்தியாயத்தில் எரிந்த நகரத்தின் முன் கறுப்பில் நிற்கிறாள்.

அவள் நகரத்தை எரித்தது திடீரென்று நடந்துவிட்டது, கதை அதற்கு நம்மைத் தயார்செய்யவில்லை என்று உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்தார்கள். கதையைப் பொறுத்தவரை நான் அவர்கள் பக்கம். கடைசி இரண்டு சீசன்களிலும் அத்தியாயங்கள் குறைந்து, எழுத்து அவசரப்பட்டது. ஆனால் உடைகளை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள், அங்கே அவசரம் இல்லை. செதிலும் வெள்ளையும் கருமையும் பல ஆண்டுகளாக ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருந்தன. கிளாப்டன் ஆறாம் சீசனில் பெரும்பகுதி விலகியிருந்தார். அப்போது பொறுப்பேற்றவர் ‘ரோம்’ தொடருக்கு உடை அமைத்த ஏப்ரல் ஃபெரி. அந்த சீசனின் கடைசி அத்தியாயத்துக்கான சில உடைகளுக்காகக் கிளாப்டன் வந்தார், பிறகு முடிவு வரை இருந்தார். மூன்று பிள்ளைகளையும் இழந்து அரியணை ஏறும் செர்சியின் கறுத்த உடையும் வெள்ளித் தோள்களும், சிங்கம் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டிய அந்தக் கிரீடமும் அப்போது அவர் வடித்தவை. குலம் அழிந்தவளுக்குக் குலச் சின்னம் எதற்கு?

சான்ஸாவின் முடிசூட்டு உடைக்கு வருவோம். விண்டர்ஃபெல்லின் புனித மரத்து இலைகள் அதில் பூவேலையாக இருக்கின்றன. கிரீடத்தில் இரண்டு ஓநாய்த் தலைகள். கூந்தல் எவருடைய பாணியிலும் சுற்றப்படாமல் நேராகத் தொங்குகிறது. அம்மாவின் சடை இல்லை, செர்சியின் கொண்டை இல்லை, கறுப்புச் சாயமும் இல்லை. அந்தக் காட்சியில் அவளுக்கு ஒரு வசனமும் கிடையாது. தேவையும் இல்லை. எழுத்து தடுமாறிய இறுதி அத்தியாயத்தில் முழு நிறைவாக முடிந்த கதை சான்ஸாவுடையது ஒன்றுதான். அந்த நிறைவில் பாதிக்கு மேல் தையற்கூடத்தின் சம்பாத்தியம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இந்தத் தொடரின் உடைகளுக்குப் பலமுறை எம்மி விருது கிடைத்தது. விருதைவிடப் பெரிய விளைவு ஒன்று உண்டு. இதற்குப் பிறகு வந்த எந்தக் கற்பனை உலகத் தொடராலும் பத்தாண்டுக்கு ஒரே மஃப்ளரை மாட்டிவிட்டுத் தப்பிக்க முடியவில்லை.

அடுத்த அத்தியாயம் வருவதற்குள் வாய்ப்பிருப்பவர்கள் மூன்றாம் சீசனின் எட்டாம் அத்தியாயத்தைப் போட்டுப் பாருங்கள். கல்யாணக் காட்சியில் சான்ஸா முழந்தாளிடும் முன்பு அவள் முதுகு திரும்பும் இடத்தில் நிறுத்துங்கள். பிடரிக்குக் கீழே அந்தச் சிங்கத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். முடிந்தால் அத்தியாயத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் உடைப் பிரிவு வரும்வரை இருங்கள்.

(தொடரும்)